மூன்றாம் வீடு

டம்மென்று முரசு அதிர்ந்ததும் டென்சியாவின் கையிலிருந்த அகப்பை மாவுப் பானைக்குள் விழுந்தது.

மாடியில் படுத்திருந்த மருமகள் ஜோவி போர்வையோடு படியிறங்கி ஓடி வந்தாள்.

"அத்தே! என்னத்தே அது? கூரை போயிட்டா?"

"கூரை கூரையாத்தான் இருக்கு. பாண்டுக்காரன் வந்திருக்கான்."

"இந்நேரத்துலயா? மணி மூணுகூட ஆகலியே!"

"இன்னிக்குத் தேதி பதினாறுட்டி. முத விடியப் பூசை. உங்க ஊர்ல பாண்டு வராதா?"

"எங்க ஊர்ல கோயில் மணி அடிக்கும். அதோட சரி. இப்படிக் காதுகிட்ட வந்து யாரும் அடிக்க மாட்டான். ஈரக்கொலையே ஆடிப்போச்சு எனக்கு."

"எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, அந்த வாழையிலையைத் துடைச்சு வட்டமா நறுக்கு."

டிசம்பர் பதினாறு தொடங்கி ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை. கடலோரக் கிராமமான சலுய்கானில் மூன்று மணிக்கே முரசும் எக்காளமும் தெருத் தெருவாகப் போய் ஆட்களை எழுப்பும். போன வருஷம் பாண்டு வரவில்லை. அதற்கு முந்தின மாதம் புயல் அடித்திருந்தது. முரசு அலையாத்திக் காட்டுச் சேற்றில் கிடைத்தது. எக்காளம் ஊதுகிற பவுஸ்தோ கிடைக்கவில்லை. இப்போது எக்காளத்தை அவன் தம்பி வைத்திருந்தான். அவனுக்கு இரண்டே பாட்டுத்தான் தெரியும். முரசுக்குத் தோல் அகப்படாமல் நிவாரணத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் சத்தம் முன்னைவிடக் கனமாக வந்தது.

டென்சியா மாவிலிருந்து அகப்பையை எடுத்துக் கழுவினாள். ஊறவைத்த அரிசியை அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, புதுக்கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவு. பன்றிக் கொழுப்புத் தடவிய மண்சட்டியில் ஒரு கரண்டி ஊற்றி மூடினால் ஓரம் முறுகி நடு உப்பி வரும். விடியப் பூசை முடிந்து வெளியே வருகிற சனம் இந்தச் சலுக்கரா தின்னாமல் வீட்டுக்குப் போகாது. பானை, சட்டி, விறகு எல்லாவற்றையும் நான்கு மணிக்குள் கோயில் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"மாவு சரியா எழும்பலியே அத்தே."

"கள்ளு எங்க இருக்கு எழும்புறதுக்கு? உங்க மாமா நாப்பத்தாறு மரம் ஏறிக்கிட்டிருந்தாரு. இப்ப நிக்குறது பதினொண்ணு. அதுலயும் நாலுக்குத் தலை கோணிப் போச்சு."

மீதி மரங்கள் வெட்டிய பலகையாகி ஊரில் பாதி வீட்டுக்குச் சுவராயிருந்தன. புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. அவை காய்க்க இன்னும் ஆறு வருஷம்.

அன்று பூசை முடிந்து, சட்டியைச் சுற்றிக் கூட்டம் குறைந்த நேரத்தில் டீச்சர் அலேஹா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் ஊரில் யாருக்கும் அவளிடமிருந்து ஓய்வு கிடைக்கவில்லை.

"டென்சியா, இந்த வருஷம் இடங்கேக்குற பாட்டு உண்டு. சாமியார் சரின்னுட்டாரு."

இருபத்துநாலாம் தேதி பொழுது சாய்ந்ததும் மாதாவும் சூசையப்பரும் வேஷம் போட்டு மெழுகுவத்திக் கூட்டத்தோடு கிளம்பி வருவார்கள். மூன்று வீட்டு வாசலில் நின்று, ஒரு ராத்திரி தங்க இடம் வேண்டும் என்று பாடுவார்கள். மூன்று வீட்டிலும் ஜன்னலைத் திறந்து இடமில்லை என்று திருப்பிப் பாடுவார்கள். கடைசியில் கோயில் கதவு திறக்கும். உள்ளே போய் நடுச்சாமப் பூசை. முதல் வீட்டில் ஏழை, இரண்டாம் வீட்டில் சத்திரக்காரன், மூன்றாம் வீட்டில் பணக்காரி. பணக்காரிக்குத்தான் பாட்டு நீளம். அவள் ஏளனம் பண்ணி, பயமுறுத்தி, கடைசியில் ஜன்னலைப் படாரென்று சாத்த வேண்டும். புயலுக்கு முன் ஒன்பது வருஷம் அந்தப் பணக்காரி டென்சியாதான். அவளிடம் பணம் இல்லை. மாடி வீடும் தொண்டையும் இருந்தன.

"முத வீடு எது டீச்சர்? குயிரினோ வீடுதான் இல்லியே."

"தார்ப்பாய் கட்டியிருக்கான்ல? ஜன்னலுக்குப் பதிலா தார்ப்பாயைத் தூக்கிப் பிடிச்சு இடமில்லன்னு பாடட்டும்."

"அவன் பாடுறது நிசந்தான். அதுக்குள்ள ஏழு பேரு படுக்காவ."

"ரெண்டாவது, நிவாரணத்துல கட்டிக் குடுத்த வீடு. மூணாவது நீ. இந்தத் தெருவுல அப்படியே நிக்குறது உன் வீடு ஒண்ணுதான்."

டென்சியா சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள்.

"மாதா யாரு?"

"லிபராடா மக ரோவெனா. முகத்துல களை இருக்கு. வாயைத் தொறந்தாத்தான் தவளை. அதனால அவ அம்மா பின்னால நின்னு பாடட்டும்னு சொல்லிட்டேன்."

சட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. டென்சியா திறக்கவில்லை. ஜோவிதான் கையை நீட்டி மூடியை எடுத்தாள்.

"எனக்குத் தொண்டை சரியில்ல டீச்சர்."

"ஆமா. நீ சலுக்கரா சலுக்கரான்னு கூவுனதுல சாமியாரு பயந்துபோய் பிரசங்கத்தைச் சுருக்கிட்டாரு. தொண்டை சரியில்லையாம்."

"நெசமாத்தான் டீச்சர். ஒரு மாசமா இப்படித்தான்."

"இன்னும் எட்டு நாளு கெடக்கு. இஞ்சியைத் தட்டிக் குடி," என்று சொல்லிவிட்டு டீச்சர் இரண்டு சலுக்கராவை இலையில் வாங்கிக்கொண்டு போனாள்.

லிபராடா எப்போதும் கடைசியில்தான் வருவாள். பக்கத்து வீட்டுக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். புயலுக்குப் பிறகு நீப்பாப் பனை ஓலை தைத்துப் பிழைத்தாள். மூங்கில் பிளாச்சில் ஓலையை மடக்கி மடக்கித் தைத்தால் கூரைக்கு ஒரு கீற்று. விரல்களெல்லாம் வெட்டு. அவள் மகள் ரோவெனாவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்திய ஞானத்தாய் டென்சியா. அந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் "மாரே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"ரெண்டு குடு மாரே. அந்தக் கருகினதையே போடு."

"கருகினதை எதுக்குத் திங்க? இந்தா." டென்சியா நாலு வைத்தாள்.

"நாலு எதுக்கு?"

"மாதாவுக்கு."

லிபராடா சிரித்தாள். "டீச்சர் சொல்லிட்டாளா? நல்ல கூத்துதான். நீ மேல நின்னு விரட்டணும், நான் கீழ நின்னு கெஞ்சணும். இடையில எனக்குச் சிரிப்பு வராம இருக்கணும்."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு மாரே. பாட முடியுமோ என்னமோ."

"மிளகுத் தண்ணி குடி. நேத்துக்கூட அரிசி குடுத்து விட்டியாமே. எங்கிட்ட அரிசி இருக்குன்னு சொன்னா கேக்க மாட்டியா?"

"இருந்தா இருக்கட்டும்."

பதின்மூன்று மாதமாக டென்சியா அந்த வீட்டுக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தாள். அரிசி, தகரம் இரண்டு, பழைய தையல் மிஷின், ரோவெனாவுக்குப் பள்ளிச் சீருடைத் துணி. லிபராடா ஒவ்வொன்றுக்கும் முதலில் வேண்டாம் என்பாள், பிறகு வாங்கிக்கொள்வாள். ஊரில் டென்சியாவுக்கு நல்ல பேர் ஏற்பட்டிருந்தது.

மத்தியானம் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. டென்சியாவின் புருஷன் அர்செனியோ மரமேற வழியில்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து பாளைக்கத்தியைத் தீட்டினான். பக்கத்தில் மூங்கில் கள்ளுக்குடுவைகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். ஜோவி மாடியில் கப்பல்காரப் புருஷனின் போனுக்காக ஜன்னலோரம் சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள். டென்சியா தேங்காய் துருவ உட்கார்ந்து, துருவாமல் இருந்தாள்.

"லிபராடாதான் பாடப் போறாளாம்," என்றாள்.

"கேள்விப்பட்டேன்."

"என்ன செய்ய?"

"என்ன செய்ய? பாட்டுதான. அவ பாடுவா, நீ பாடு."

"நீரு ஈசியா சொல்லிருவீரு. அவ கீழ நின்னு கதவைத் தொறன்னு பாடுவா. நான் மேல நின்னு மாட்டேன்னு பாடணும். எல்லாரும் பாக்க. அவ மூஞ்சியைப் பாத்து."

அர்செனியோ கத்தியைத் திருப்பி மறுபக்கம் தீட்டினான்.

புயலடித்த அன்றைய காலையைப் பற்றிச் சலுய்கானில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், யாரைப் பிடித்திருந்தாய், எப்போது விட்டாய் என்று கேட்க ஆரம்பித்தால் நிற்காது. முப்பத்தொரு பேர் போயிருந்தார்கள். அதில் ஒன்பது பேரின் உடல் கிடைக்கவில்லை. அதனால் பொதுவாக, தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்று விடிகிற நேரத்தில் டென்சியா வீட்டுக்குள் பதினாலு பேர் இருந்தார்கள். கதவுக்கு மேசையை முட்டுக் கொடுத்து, மேசைக்கு அர்செனியோவும் அவன் தம்பிமார் இருவரும் முதுகைக் கொடுத்திருந்தார்கள். மாடிக் கூரைத் தகரம் கழுத்தை அறுத்த கோழி மாதிரி துடித்தது. அந்தச் சத்தத்தினூடே கதவில் யாரோ தட்டினார்கள். காற்று தட்டுவது வேறு, கை தட்டுவது வேறு. "தொறங்க, புள்ளையோட நிக்கேன்," என்றது ஒரு பெண்குரல். அர்செனியோ முதுகை எடுத்தான். "தொறக்காதீரும்," என்றாள் டென்சியா. "தொறந்தா காத்து உள்ள வந்து கூரையைத் தூக்கிரும். உள்ள ஆறு புள்ளைய இருக்கு." அவன் மறுபடி முதுகைக் கொடுத்தான். கொஞ்ச நேரம் தட்டினார்கள். பிறகு தட்டவில்லை.

மறுநாள் லிபராடாவின் புருஷன் உர்பானோ சீமைப்பலா மரத்துக்கு அடியில் கிடந்தான். டென்சியா வீட்டு வாசலிலிருந்து முப்பது அடி. லிபராடாவும் ரோவெனாவும் கோயில் மணிக்கூண்டிலிருந்து உயிரோடு இறங்கி வந்தார்கள். பக்கத்து வீடு, தாய், தகப்பன், பிள்ளை. டென்சியா யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருந்தது?

"அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அதுதான் எனக்குப் புரிய மாட்டேங்கு," என்றாள். "உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சுதான தட்டியிருப்பா. நாம கேட்டுக்கிட்டே இருந்தோம்னு நெனைப்பாளா, காத்துல கேக்கலன்னு நெனைப்பாளா?"

"தெரிஞ்சா உன் கையால வாங்கித் திம்பாளா?"

"திம்பா. பசிச்சா யாரு கையாலயும் திம்பா."

"பதினாலு பேரு உயிரோட இருக்கோம் டென்சியா. கதவு தொறந்திருந்தா சேத்து வெச்சுப் பொதைச்சிருப்பாவ."

"அதை நான் இல்லன்னு சொல்லல. தொறக்காதீரும்னு சொன்னது என் வாயி. நீரு எந்திரிச்சீரு. உமக்கு அது போதும். ராத்திரி தூங்கிருவீரு."

அர்செனியோ கத்தியை விரலில் வைத்துப் பார்த்தான்.

"அப்படின்னா அவகிட்டச் சொல்லிரு."

"சொல்லி?"

"சொல்லி என்ன. சொல்லு."

"அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ரோவெனா வந்து ஆசீர்வாதத்துக்கு என் கையை எடுத்து நெத்தியில வைப்பாளா? அவ அப்பனுக்குக் கதவு தொறக்காத கையை?"

மழை வலுத்தது. மாடியிலிருந்து ஜோவி, "ஹலோ, ஹலோ, கேக்குதா, மழைங்க மழை!" என்று கத்தினாள்.

டென்சியா ஒத்திகைக்குப் போகவில்லை. ஜோவியை அனுப்பினாள். ஜோவி கரோக்கே மைக்கைப் பிடித்துப் பழகியவள்; பணக்காரியின் பாட்டில் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கண்ணை மூடி இழுத்தாள். "இவ விரட்டுற மாதிரி இல்லியே, காதல் பண்ணுற மாதிரில்லா இருக்கு," என்றான் சூசையப்பர் வேஷம் போடும் எலிசார். அவன் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றுகிறவன். சூசையப்பரைப் பார்த்து ஜோவி, "நீ தாடியை ஒட்டிக்கிட்டு வாயைச் சாத்து," என்றாள். டீச்சர் குச்சியால் பெஞ்சைத் தட்டினாள்.

ஊரில் காரணம் தேட ஆரம்பித்தார்கள். கோயில் கமிட்டியில் பேர் போடாத கோபம் என்றார் ஒருவர். முந்தின தடவை சூசையப்பர் வேஷக்காரன் அவள் வாசல்படியில் துப்பிவிட்டான், அதனால்தான் என்றார் இன்னொருவர். வயசாகிவிட்டது, உச்சத்துக்குக் குரல் எட்டாது, வெளியே சொல்ல வெட்கம் என்பது பெரும்பான்மையோர் கருத்து. டென்சியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாவு கரைத்தாள்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் அடுக்களையில் ஒட்டரிசியை இலையில் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது லிபராடா வந்தாள். தலையில் சாக்கு. கேட்காமலே பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஓர் இலையை எடுத்தாள். அவள் மடிப்பு டென்சியாவின் மடிப்பைவிட நேராக வந்தது.

"உன் மருமக பாட்டைக் கேட்டேன்," என்றாள்.

"எப்படி?"

"அவ பாடட்டும், பாவம். ஆனா எனக்குச் சிரிப்பு வந்துரும் மாரே. நேத்து ரெண்டு தடவை வந்துட்டு. டீச்சர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, மூணாங்கிளாஸ்ல பாத்தது."

டென்சியா கட்டிய பொட்டலத்தை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நீ பாடு மாரே," என்றாள் லிபராடா.

"தொண்டை..."

"தொண்டையில ஒண்ணும் இல்ல. காலையில மீன்காரனை ஏசுனது எங்க வீட்டுல கேட்டுச்சு." லிபராடா இலையின் நரம்பைக் கிழித்தாள். "அவரு போன பெறகு நான் பாடல. துணி துவைக்கையிலகூடப் பாடல. இப்ப புள்ளைக்காக ஒத்துக்கிட்டேன். எதிர்ல நீ நின்னா பழைய பழக்கத்துல பாடிருவேன். வேற ஆளு நின்னா என்னால ஆகாது."

"நான் உன்னை விரட்டணுமே மாரே."

"பாட்டுலதான."

"உனக்கு ஒண்ணும் இருக்காதா?"

"எனக்கு என்ன இருக்கும்?"

டென்சியா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அப்போது அர்செனியோ விறகோடு உள்ளே வந்தான். ஜோவி சர்க்கரை எங்கே என்று கேட்டாள். லிபராடா பத்துப் பொட்டலம் கட்டி முடித்துவிட்டு எழுந்தாள்.

"வருவல்ல?"

"வாரேன்," என்றாள் டென்சியா.

இருபத்துநாலாம் தேதி தூறல் நிற்கவில்லை. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. பால்மாவு டப்பாத் தகரத்திலும் நிவாரணச் சாக்கிலும் செய்த நட்சத்திர விளக்குகள் தார்ப்பாய் வீடுகளின் மேலே தொங்கின. மெழுகுவத்தி அணையாமல் இருக்க ஆளாளுக்குப் பிளாஸ்டிக் டம்ளரை வெட்டி மாட்டியிருந்தார்கள். ரோவெனா நீலத் துண்டைத் தலையில் போட்டு, வயிற்றில் தலையணை கட்டியிருந்தாள். எலிசாரின் பஞ்சுத் தாடி நனைந்து ஒரு பக்கம் தொங்கியது.

குயிரினோ தார்ப்பாயைத் தூக்கி, "இடமில்லை, இடமில்லை" என்று பாடியபோது உள்ளேயிருந்து ஏழாவது ஆள் தும்மினான். கூட்டம் சிரித்தது. இரண்டாம் வீட்டுக்காரன் பாட்டை மறந்து வசனமாகச் சொல்லிச் சமாளித்தான். அங்கிருந்து ஊர்வலம் மூன்றாம் வீட்டுக்கு வந்து நின்றது.

டென்சியா மகன் வாங்கிக் கொடுத்த பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடி ஜன்னலில் நின்றாள். பின்னால் அர்செனியோ விளக்கைப் பிடித்திருந்தான். கீழே ரோவெனாவின் தோளில் கை வைத்துக்கொண்டு லிபராடா பாடினாள். முதல் வரியில் குரல் பிசிறியது. இரண்டாம் வரியில் நேரானது.

"நடந்து வந்தோம் அம்மா, வழி நெடுக மழை.
ஒதுங்க ஒரு மூலை தா, விடிந்ததும் போவோம்."

டென்சியா திருப்பிப் பாடினாள். குரல் பழையபடியே வந்தது.

"மூலைக்கு மூலை விருந்தாளி இருக்கிறார்,
முகம் தெரியாதவர்க்கு இங்கே பாய் இல்லை."

"ஆஹா!" என்றது கூட்டம். உச்சத்துக்கு எட்டாது என்று சொன்னவர்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள். டீச்சர் குடைக்குள் தலையை ஆட்டினாள். லிபராடா ஒரு முறை மேலே பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாம் அடியைத் தொடங்கினாள்.

"எனக்காகக் கேட்கவில்லை, என் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.
கதவுக்கு வெளியே நிற்கிறேன், அம்மா, கதவைத் திற."

பணக்காரியின் முறை. டீச்சர் கையை உயர்த்தினாள். மேலிருந்து பாட்டு வரவில்லை. முரசுக்காரன் ஒரு தட்டுத் தட்டி நினைவூட்டினான். டீச்சர் முதல் வார்த்தையைத் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலில் ஆள் இல்லை.

"மறந்துட்டாளோ?"

"வயசாச்சுன்னு அப்பவே சொன்னேன்."

வீட்டுக்குள் படியில் யாரோ வேகமாக இறங்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. டென்சியா வாசலில் நின்றாள்.

கதவு திறந்ததைப் பார்த்ததும் எக்காளக்காரன் கோயில் வந்துவிட்டது என்று நினைத்துத் தன் இரண்டாவது பாட்டை ஊதத் தொடங்கினான்.

"நிறுத்துல!" என்று கத்தினாள் டீச்சர். "டென்சியா, என்ன பண்ணுத நீ? இது மூணாவது வீடு! இங்க தொறக்கப்படாது! கோயில்லதான் தொறக்கணும்!"

"டீச்சர், உள்ள போகவா, வேண்டாமா?" என்றான் எலிசார். "தாடி ஒட்டு விடுது."

"அசையாத அங்கேயே நில்லு! ஏட்டி டென்சியா, கதவைச் சாத்திட்டு மேல போ. மறுபடி எடுப்போம்."

டென்சியா டீச்சரைப் பார்க்கவில்லை. சூசையப்பரையும் மாதாவையும் தாண்டிப் போய் லிபராடாவின் கையைப் பிடித்தாள். தூறலில் சால்வை நனைந்தது. அருகில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படியாகத்தான் பேசினாள்.

"உள்ள வா மாரே."

"என்ன மாரே, பாட்டு பாதியில நிக்குது. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். அன்னிக்கு நாங்க எல்லாரும் உள்ளதான் இருந்தோம். நீ தட்டுனது கேட்டுச்சு. புள்ளையோட நிக்கேன்னு சொன்னது கேட்டுச்சு. இவரு தொறக்க எந்திரிச்சாரு. நான்தான் தொறக்காதீரும்னு சொன்னேன். காத்து மேல பழி போட மாட்டேன். நான்தான் சொன்னேன். நீ தட்டிக்கிட்டே இருந்த, நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னை என்ன வேணாலும் சொல்லு."

ரோவெனா தலையிலிருந்த நீலத் துண்டை விலக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலுக்கு வந்துவிட்ட அர்செனியோ விளக்கைத் தாழ்த்தினான். லிபராடாவின் மெழுகுவத்தி அணைந்து புகைந்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் புருவம் சுருங்கியது.

"எப்ப தட்டுனேன்?"

"புயலன்னிக்கு. விடியுற நேரம். பொம்பளைக் குரலுதான."

லிபராடா மகளைப் பார்த்தாள். ரோவெனா இல்லை என்று தலையசைத்தாள். லிபராடா மறுபடி டென்சியாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் உன் கதவைத் தட்டவே இல்லையே மாரே. நானும் இவளும் முந்தின நாள் பொழுதடையவே கோயிலுக்குப் போயிட்டோம். விடியக்காலம் ஆட்டை அவுத்து விடணும்னு திரும்பி வந்தது அவரு ஒருத்தருதான்."